வாசலில் கசியும் பழைய குடிநீர்க் குழாய்: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 1980களின் தொடக்கத்தில் கட்டிய தனி வீடு. தெருவிலிருந்து சம்ப் (தரைக்கடித் தொட்டி) வரைக்கும் மண்ணுக்குள் போகும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், சுமார் 40 அடி. மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. தண்ணீர் வரும் காலைகளில் கேட்டுக்கு உள்பக்கம், மல்லிகைப் பந்தலை ஒட்டித் தரை ஈரமாகிறது. சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுகிறது. தோண்டி, ரப்பர் டியூப் சுற்றி, எம்-சீல் என்ற ஒட்டுப் பசை போட்டால் போதும் என்கிறார் ஒரு பிளம்பர். மொத்தக் குழாயையும் மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "சில நாள் முதலில் வரும் தண்ணீர் லேசாக நாற்றமடிக்கிறது."

இரண்டாவது பிளம்பர் சொல்வதைக் கேளுங்கள். அதற்குக் காரணம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரிதான்.

இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் ஓடும் ஊரில் குழாயில் ஓட்டை விழுந்தால் தண்ணீர் வெளியே மட்டும்தான் போகும். உள்ளே எப்போதும் அழுத்தம் இருப்பதால் வெளியில் இருப்பது உள்ளே வர வழியில்லை. நம் ஊரில் அப்படி இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீர் வருகிறது, பிறகு நின்றுவிடுகிறது. நின்றதும் குழாய் காலியாகிறது. இவ்வளவு நேரம் ஓட்டை வழியாக வெளியேறி மண்ணை நனைத்த தண்ணீர், அந்த மண்ணில் உள்ள எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு அதே ஓட்டை வழியாக உள்ளே திரும்புகிறது. பழைய வீடுகளில் பக்கத்திலேயே கழிவுநீர்க் குழாயும் போகும். பெரும்பாலும் சுட்ட களிமண்ணால் ஆன ஸ்டோன்வேர் குழாய், சிமென்ட் வைத்துப் பூசிய இணைப்புகள். நாற்பது வருடத்தில் அந்தப் பூச்சு எத்தனை இடத்தில் விட்டிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு மேல், தெருவில் ஒரே ஒரு வீட்டில் மெயின் லைனோடு மோட்டாரை நேராகச் சேர்த்து உறிஞ்சினாலும் போதும், உங்கள் குழாயின் ஓட்டை ஸ்ட்ரா மாதிரி வேலை செய்யும். அடிபம்பும் அளவில் குறைவாக அதையேதான் செய்கிறது.

அதனால் இதை வீணாகும் தண்ணீர்ப் பிரச்சினை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் வீட்டுக்குள் வரும் வழி இது. வேலை முடியும் வரை குடிக்க, சமைக்க, பல் தேய்க்கக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரையே எடுங்கள். தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கினால் போதும். தண்ணீர் வரும் நாளில் முதல் கால் மணி நேரத் தண்ணீரைச் சம்புக்குள் விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். குடிக்கத்தான் ஃபில்டர் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவுவதும் குழந்தைகள் குளிக்கும்போது வாயில் போவதும் சம்புத் தண்ணீர்தான்.

சரி, இப்போது ஓட்டைக்கு வருவோம். எங்கே கசிகிறது என்று தேடும் முன் எப்போது கசிகிறது என்று பாருங்கள். பழைய வீட்டில் மண்ணுக்குள் ஒரு குழாய் மட்டும் இருக்காது. தெருவிலிருந்து சம்புக்கு ஒன்று. சம்பிலிருந்து மோட்டார் வழியாக மாடித் தொட்டிக்கு ஒன்று. மாடித் தொட்டியிலிருந்து இறங்கித் தோட்டத்துக் குழாய்க்கும் பின்கட்டுக்கும் போவது இன்னொன்று. போர்வெல் இருந்தால் அதற்குத் தனி. மெட்ரோ வாட்டர் வரும்போது மட்டும் ஈரமானால் முதல் குழாய். மோட்டார் ஓடும்போது மட்டும் ஈரமானால் இரண்டாவது. இரவு பகல் எந்நேரமும் ஈரம் காயவே இல்லை என்றால் மூன்றாவது, ஏனென்றால் மாடித் தொட்டியின் அழுத்தம் ஒரு நிமிடம்கூட ஓயாது. அந்த மூன்றாவது வகைதான் பணத்தை அதிகம் தின்னும். 7 மீட்டர் உயரத்தில் தொட்டி, குழாயில் ஒன்றரை மில்லிமீட்டர் ஓட்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்குச் சுமார் 45 லிட்டர், ஒரு நாளைக்கு ஆயிரம் லிட்டர் போகும். உங்கள் கதையில் காலையில் ஈரம், சாயங்காலம் காய்கிறது. ஆக முதல் குழாய்தான்.

இதையும் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். தண்ணீர் வரும் காலை சம்புக்குள் விழும் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். வால்வை மூடியதும் லைனில் அழுத்தம் ஏறும், கசிவும் கூடும். ஈரம் முன்பைவிட வேகமாகப் பரவினால் ஓட்டை வால்வுக்கும் தெருவுக்கும் நடுவில் என்று அர்த்தம். ஈரத்தில் பள்ளம் பறித்துத் தேங்கும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து, குளோரின் பார்க்கும் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சளாக மாறினால் பெரும்பாலும் அது குழாய்த் தண்ணீர்தான். மாறாவிட்டால் மட்டும் குழாய்த் தண்ணீர் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், மண்ணில் குளோரின் சீக்கிரம் செத்துவிடும்.

சம்பையும் சும்மா விடாதீர்கள். பல வீடுகளில் குழாய்மேல் பழி போட்டுத் தரையை உடைத்த பிறகு, கசிந்தது சம்பின் சுவர் என்று தெரிந்திருக்கிறது. இரவு படுக்கும் முன் உள்ளே வரும் வால்வையும் மூடி, மோட்டாரையும் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 6 அடிக்கு 5 அடி சம்பில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 28 லிட்டர் போயிருக்கிறது. விடிந்தும் கோட்டிலேயே நின்றால் சம்ப் நன்றாக இருக்கிறது. அப்படியே இன்னொன்றையும் பாருங்கள். உள்ளே வரும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியபடி இருக்கிறதா? பல பழைய சம்புகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். தெருவில் தண்ணீர் நின்றதும் சம்புத் தண்ணீரே அந்தக் குழாய் வழியாகத் திரும்பிப் போய் ஓட்டையில் வெளியேறும். சம்ப் ஏன் குறைகிறது என்று வருடக்கணக்காக மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார்கள். குழாயின் வாய், சம்ப் நிறைந்தாலும் தண்ணீர் தொடாத உயரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து விழுகிற சத்தம் கேட்க வேண்டும்.

ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஈரம் தெரியும் இடத்துக்கு நேர் கீழேதான் ஓட்டை இருக்கும் என்று தோண்டாதீர்கள். தண்ணீர் குழாயை ஒட்டியே, பழைய பள்ளத்தின் தளர்ந்த மண் வழியாக ஓடி, எங்கே மண் தளர்வாக இருக்கிறதோ அங்கே தலைகாட்டும். மல்லிகைப் பந்தல் பக்கத்தில் தெரிகிறது என்றால் அங்கே மண் கொத்தி விட்டிருப்பதால்கூட இருக்கலாம். இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய வீடுகளின் குழாய் வேலையைப் பார்த்து வருகிறேன். எனக்கு இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தவர் ஒரு வயதான பிளம்பர். விடியற்காலை நாலரை மணி, தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கடப்பாரையைக் குழாய் போகும் வழியில் அடிக்கு ஒரு முறை ஊன்றுவார், மேல் முனையில் காதை வைப்பார், தலையாட்டிவிட்டு அடுத்த அடிக்கு நகர்வார். ஆறாவது இடத்தில் நிமிர்ந்து, "இங்கதான் சார், வந்து கேளுங்க" என்றார். காதை வைத்தேன். இட்லிப் பானையின் மூடி இடுக்கில் ஆவி சீறுவது போல ஒரு மெல்லிய சத்தம். ஈரம் தெரிந்த இடத்திலிருந்து அது எட்டு அடி தள்ளி இருந்தது. அங்கே ஒரே ஒரு குழிதான் தோண்டினோம்.

அந்தக் குழியில் பார்த்ததை விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டிலும் இதையேதான் பார்ப்பீர்கள். ஒன்றரை அடி ஆழத்தில் மண் கறுப்பாக, சேறாக இருந்தது. மோந்து பார்க்கத் தேவையே இல்லாமல் சாக்கடை நாற்றம். குழாயும் குழாயும் சேரும் கப்ளிங்கை ஒட்டி, மரை வெளியே தெரியும் இடத்தில், சைக்கிள் ஆரம் தடிமனில் தண்ணீர் சாய்வாகப் பீய்ச்சியது. துணியால் துடைத்ததும் பக்கத்தில் இன்னும் இரண்டு இடத்தில் முத்து முத்தாகக் கசிந்தது. ரெஞ்ச் போட்டு லேசாகப் பிடித்ததுமே குழாய் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. வெட்டி எடுத்த துண்டின் உள்ளே பார்த்தால் அரை இஞ்ச் குழாயில் துரு மேடு மேடாக வளர்ந்து, நடுவில் ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயா இத்தனை நாளா குடிச்சோம்?" என்றார். அந்தத் துண்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். ஒட்டுப் போட்டால் போதாதா என்று கேட்பவர்களிடம் அதைத்தான் காட்டுவேன்.

ஜிஐ குழாய் என்பது இரும்புக் குழாய்மேல் துத்தநாகம் பூசியது. துத்தநாகம் இருக்கும் வரை இரும்புக்குக் காவல். மரை போடும்போது அந்தப் பூச்சும் வெட்டுப்பட்டுவிடுகிறது, குழாயின் கனமும் பாதியாகிறது. அதனால் துரு முதலில் மரையில்தான் தொடங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோர இடங்களில் மண்ணில் உப்பு அதிகம், இன்னும் வேகமாக அரிக்கும். வீடு கட்டி மிச்சமான செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கரி எல்லாவற்றையும் பள்ளத்தில் போட்டு மூடியிருந்தாலும் இதே கதிதான். குழாயின் ஒரு பகுதி கான்கிரீட்டுக்குள்ளும் மறு பகுதி ஈர மண்ணிலும் இருந்தால், கான்கிரீட்டிலிருந்து வெளியே வந்ததும் இருக்கும் அந்த அரை அடிதான் முதலில் போகும். பித்தளை வால்வை ஒட்டிய இரும்பும் அப்படியே. ஜிஐயில் மஞ்சள் பட்டை மெல்லியது, நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. மண்ணுக்குள் போடக் குறைந்தது நீலமாவது வேண்டும். அந்தக் காலத்தில் உங்கள் வீட்டில் எந்தப் பட்டை போட்டார்கள் என்பது தோண்டினால் தெரியப்போவதில்லை, நிறம் எப்போதோ போயிருக்கும்.

இப்போது ஒட்டு விஷயம். எம்-சீல் நல்ல பொருள்தான். ஆனால் காய்ந்த, சுரண்டிச் சுத்தம் செய்த உலோகத்தில்தான் அது பிடிக்கும். துருவும் ஈரமும் உள்ள குழாயில் அது துருவின் மேல் ஒட்டுகிறதே தவிரக் குழாயின் மேல் ஒட்டுவதில்லை. டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்குவது சில நாள் தாங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிப்பேர் கிளாம்ப் கிடைத்தால், உள்ளே ரப்பர் வைத்து போல்ட் முறுக்குவது, அது டியூபைவிட எவ்வளவோ மேல். ஆள் கிடைக்கும் வரை, அனுமதி வரும் வரை என்று இரண்டு மூன்று வாரத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. கெட்ட துண்டை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு வைத்து யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடுவது இன்னொரு வழி. கேட்க நன்றாக இருக்கும். செய்யும்போதுதான் தெரியும், ஒரு ஜாயின்ட்டைத் திருப்பினால் அடுத்த ஜாயின்ட் விட்டுக்கொள்ளும். பழைய குழாயில் குழிக்குள்ளேயே புது மரை வெட்ட முடியாது, கனம் மிச்சமில்லை. ஒரு வருடத்தில் மூன்று முறை தோண்டிய வீடு எனக்குத் தெரியும். மூன்று முறை கொடுத்த கூலியில் ஒரு முறையிலேயே முழுதும் மாற்றியிருக்கலாம். ஒரு ஓட்டை விழுந்த குழாயின் மற்ற மரைகளுக்கும் அதே வயசுதான்.

அதனால் என் யோசனை இது. பழைய குழாயைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். அது இருக்கிற இடத்திலேயே கிடக்கட்டும். புது வழியில் புதுக் குழாய் போடுங்கள்.

ஆனால் பழைய குழாயில் ரம்பம் வைக்கும் முன் ஒரு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் மின்சார எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் சுற்றியிருப்பார்கள். மீட்டர் பலகையிலிருந்து ஒரு வெற்றுக் கம்பி இறங்கி ஏதாவது ஒரு குழாயில் கட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். சுண்ணாம்பு அடித்து அடித்துச் சுவரோடு சுவராகியிருக்கும், சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. இருந்தால், மண்ணுக்குள் போகும் இரும்புக் குழாயை வெட்டிப் பிளாஸ்டிக் போட்ட நிமிடமே உங்கள் வீட்டுக்கு எர்த் இல்லாமல் போகிறது. விளக்கு எரியும், ஃபேன் ஓடும், ஒன்றும் தெரியாது. கீசரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வரும் நாளில்தான் தெரியும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தனி எர்த் குழி போட்டு, கம்பியை அதற்கு மாற்றிச் சோதித்த பிறகே குழாயைத் தொட வேண்டும். வெட்டும் நாளிலும் குழாயில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம், எலெக்ட்ரீஷியன் பக்கத்தில் இருக்கும்போதே வெட்டுங்கள்.

கேட்டுக்கு வெளியே உள்ள பகுதி உங்கள் கைக்கு உட்பட்டதல்ல. மெயின் லைனில் ஃபெரூல் (கிளை எடுக்கும் சின்னப் பாகம்) போட்டு எடுத்த இணைப்பு அது. சாலையை வெட்ட அனுமதி வேண்டும், இணைப்பைத் தொடக் குடிநீர் வாரியத்தின் ஆள் வேண்டும். பகுதி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், தண்ணீர் நாறுகிறது என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "கசிவு" என்று மட்டும் எழுதினால் அது பத்தோடு பதினொன்று. மாசு என்று எழுதினால் தெரு லைனையும் சேர்த்துப் பார்க்க வழி உண்டு, தண்ணீர் மாதிரி எடுத்துச் சோதிக்கவும் கேட்கலாம். பக்கத்து வீடுகளிலும் நாறுகிறதா என்று விசாரித்து, அவர்களையும் எழுதச் சொல்லுங்கள். எல்லார் வீட்டிலும் நாறினால் தப்பு தெருவில் இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் 40 அடியில் இருக்கிறது.

புதுக் குழாய்க்கு நான் எடுப்பது கறுப்பு எச்டிபிஇ (வளையும் பிளாஸ்டிக் குழாய்), குடிநீருக்கான நீலக் கோடு போட்டது, சுருளாக வரும். அதன் பெரிய நன்மை நடுவில் ஒரு இணைப்புகூட வேண்டாம் என்பது. கேட் பக்கம் ஒன்று, சம்ப் பக்கம் ஒன்று, அவ்வளவுதான். கசிவு இணைப்பில்தான் வரும் என்றால் இணைப்பே இல்லாத குழாய்க்கு மேல் என்ன வேண்டும்? பழைய அரை இஞ்ச் இடத்தில் 25 மில்லிமீட்டர் வெளி விட்டம் உள்ளதைப் போடுங்கள், குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் தாராளமாக வரும். யுபிவிசி ஷெட்யூல் 80 (வளையாத, கனமான பிளாஸ்டிக் குழாய்) போட்டாலும் குற்றமில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு எல்போவும் (வளைவு இணைப்பு) சொல்யூஷன் என்ற பசை வைத்து ஒட்டுவது, ஒட்டியபின் ஒரு நாள் தண்ணீர் விடாமல் காய விட வேண்டும். தண்ணீர் வருகிற அவசரத்தில் யாரும் விடுவதில்லை. கரிசல் மண் உள்ள ஊர்களில் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அங்கே வளைந்து கொடுக்கும் எச்டிபிஇதான் நிற்கும்.

வழி எப்படி? காம்பவுண்டுச் சுவரை ஒட்டி, கழிவுநீர்க் குழாய்க்கும் மேன்ஹோலுக்கும் எதிர்ப் பக்கமாக. இரண்டையும் ஒரே பள்ளத்தில் ஒருபோதும் போடக் கூடாது. எங்காவது ஒன்றையொன்று குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் குடிநீர்க் குழாய் மேலே, கழிவுநீர் கீழே, நடுவில் குறைந்தது ஒரு அடி மண். அந்த இடத்தில் குடிநீர்க் குழாயை இரண்டு இஞ்ச் பிவிசி குழாய்க்குள் நுழைத்துப் போடுங்கள். கார் நிற்கும் தரைக்கு அடியிலும் அப்படியே. அதில் இன்னொரு நன்மை, பின்னாளில் மாற்ற வேண்டி வந்தால் தரையை உடைக்காமல் உருவி எடுத்துவிடலாம். பெருச்சாளித் தொல்லை உள்ள வீடு என்றால் முழு நீளத்துக்கும் இந்த உறை போடுவேன். பிளாஸ்டிக் குழாயைக் கடித்துத் துளைத்ததை நானே தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

பள்ளம் ஒன்றரை அடி ஆழம், வண்டி ஏறும் இடத்தில் இரண்டடி. அடியில் நாலு இஞ்ச் மணல், குழாய்க்கு மேல் நாலு இஞ்ச் மணல், அதற்கு மேல் ஒரு வரிசை செங்கலைப் படுக்கப் போட்டு, பிறகு மண். நாளைக்கு யாராவது கடப்பாரையால் குத்தினால் முதலில் செங்கல் தட்டுப்படும், கை நின்றுவிடும். தோண்டி எடுத்த ஜல்லியையும் ஓட்டுச் சில்லையும் திரும்ப உள்ளே தள்ள மட்டும் விடாதீர்கள், வேலையாட்கள் அதைத்தான் செய்வார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை. குழாயை நேராக வெட்டி, ஓரத்துச் சில்லைச் சீவி, விளிம்பைச் சற்றுச் சாய்வாக்க வேண்டும். இல்லையென்றால் இணைப்புக்கு உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் அறுபடும். எவ்வளவு தூரம் உள்ளே போக வேண்டும் என்று முதலிலேயே கோடு போட்டுக்கொண்டு, அந்தக் கோடு மறையும் வரை தள்ள வேண்டும். தெருப் பக்கத்து இரும்பு மரையோடு சேரும் இடத்தில், பிளாஸ்டிக்கிலேயே வெட்டிய பெண் மரையை (உட்பக்க மரை) இரும்பின் மேல் முறுக்கக் கூடாது. அன்றைக்குப் பிடிக்கும், சில மாதத்தில் விரிசல் விடும். பித்தளை மரை பதித்ததைக் கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. கேட்டுக்கு உள்ளே ஒரு சின்னத் தொட்டி கட்டி அதில் திறந்து மூட ஒரு பால் வால்வு (ball valve), தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு என்ஆர்வி, நடுவில் ஒரு குழாய்த் திருகு. அந்தத் திருகு எதற்கு என்று கேட்பார்கள். முதல் தண்ணீரை வெளியே விடவும், எப்போது வேண்டுமானாலும் தெருத் தண்ணீரைத் தனியாகப் பிடித்துச் சோதிக்கவும்தான். சம்பில் விழும் தண்ணீர் கெட்டதா, வரும்போதே கெட்டதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடி, தரை போட்டு, கூலி வாங்கிக்கொண்டு போகவே எல்லாரும் பார்ப்பார்கள். விடாதீர்கள். பிரஷர் டெஸ்ட் பம்ப் வைத்திருக்கும் பிளம்பர் கிடைத்தால் 6 கிலோ அழுத்தம் ஏற்றி ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எச்டிபிஇ முதலில் கொஞ்சம் விரியும், அதனால் தொடக்கத்தில் முள் சற்று இறங்கும், மறுபடி ஏற்றிவிட்டுக் கவனியுங்கள். பம்ப் இல்லையென்றால் இரண்டு இணைப்பையும் மண் போடாமல் திறந்தே வைத்து, அடுத்த முறை மெட்ரோ வாட்டர் வரும்போது சம்ப் வால்வை மூடி, இணைப்பில் செய்தித்தாள் சுற்றிப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுக்கும். மூடும் முன் டேப்பைப் பக்கத்தில் விரித்து, சுவரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி நாலைந்து போட்டோ எடுத்து வையுங்கள். நாற்பது வருடத்துக்கு முன் யாராவது உங்கள் வீட்டுக்கு ஒரு காகிதத்தில் கிறுக்கி வைத்திருந்தால் இன்று இத்தனை தேடல் தேவைப்பட்டிருக்காது.

பழைய குழாயைச் சாகடிப்பதையும் சரியாகச் செய்ய வேண்டும். இரண்டு முனையையும் வெட்டி மூடி போட வேண்டும், தெருப் பக்க முனையை முக்கியமாக. புது இணைப்பைக் கொடுத்துவிட்டுப் பழையதை ஒரு டீ (T வடிவ) இணைப்பில் அப்படியே தொங்க விட்டால் அந்த ஓட்டை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், நாற்றமும் தொடரும். அதே பழைய லைனில் அடிபம்ப் இருந்தால் அதையும் துண்டித்துவிடுங்கள். வேண்டுமென்றால் அடிபம்பைச் சம்புக்கு மாற்றிக்கொள்ளலாம், மின்சாரம் போகும் நாளுக்கு உதவும்.

கடைசியாகச் சம்ப். புதுக் குழாயைக் கழுவுவது பெரிய காரியமில்லை, 40 அடிக்கும் சேர்த்து உள்ளே இருப்பதே 4 லிட்டர்தான், பத்து நிமிடம் திறந்து விட்டால் போதும். சம்பில்தான் இத்தனை நாள் வந்தது எல்லாம் வண்டலாகத் தங்கியிருக்கும். தண்ணீரை முழுதும் இறைத்து, மூடியைத் திறந்து போட்டு நன்றாகக் காற்று போக விட்ட பிறகே ஆளை இறக்குங்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுத் திணறி உயிர் போவது நடக்கிற விஷயம். மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும், மோட்டார் இணைப்பைப் பிடுங்கியிருக்க வேண்டும். சுவரைத் தேய்த்துக் கழுவியபின் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் புதிதாகத் திறந்த பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்றி, நாலு மணி நேரம் வையுங்கள். அந்தத் தண்ணீரையே மாடித் தொட்டிக்கும் ஏற்றி ஒவ்வொரு குழாயையும் ஒரு தடவை திறந்து மூடுங்கள், உள் லைனும் சுத்தமாகும். பிறகு எல்லாவற்றையும் வடித்துவிட வேண்டும். மல்லிகைக்கு அதை விட்டுவிடாதீர்கள், கருகிவிடும். மீந்த பவுடரை அடுத்த வருடத்துக்கு என்று எடுத்து வைப்பதில் பயனில்லை, டப்பாவைத் திறந்ததிலிருந்தே வீரியம் குறையத் தொடங்கும்.

அதற்குப் பிறகு வரும் நாலு தண்ணீர் நாளிலும் வாசல் திருகில் ஒரு டம்ளர், சம்பில் ஒரு டம்ளர் பிடித்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டுப் பாருங்கள். குடிநீரில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். சோதனைப் பெட்டியில் உள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் தெரியும். இரண்டு டம்ளரும் மஞ்சளாகி, நாற்றமும் இல்லையென்றால் கொதிக்க வைப்பதை நிறுத்திக்கொள்ளலாம். வாசல் டம்ளரே நிறம் மாறாமல் நின்றால் தப்பு தெருவில் இருக்கிறது. அந்தத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு பகுதி அலுவலகத்துக்கு மறுபடி போங்கள், தண்ணீரை அதுவரை காய்ச்சியே குடியுங்கள்.